அரசியின் வெள்ளிக்கிழமைச் சட்டம்

அரசியாக இருப்பது சொகுசான வேலை என்று நினைக்கிறவர்கள், காப்பி வடிகட்டும் தாள்கள் முப்பத்தாறைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலை குனியாது. தன் காலைத் தானே பார்க்க முடியாது. மூக்கு அரித்தால், அது எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரித்துத்தான் சொறிய வேண்டும்.

ஆனாலும் தேவதர்ஷினி அந்தக் கழுத்துப்பட்டியைக் கழற்ற மாட்டேன் என்றாள். சீட்டுக் குலுக்கியதில் அவள் பெயர்தான் வந்திருந்தது. வகுப்பின் விருந்துக்கு அவள்தான் அரசி.

அது நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், கிளென் ஈடனில் இருந்த ஒரு பள்ளிக்கூடம். ஆறாம் ஆண்டு வகுப்புக்கு மிஸ் ஹார்ப்பர் ஆசிரியை. அவர் மெதுவாகப் பேசினாலே ரயில் நிலையத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் நடத்திய பாடம் ஒன்றே ஒன்றுதான். நானூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால், முதலாம் எலிசபெத் அரசி இங்கிலாந்தை ஆண்டபோது, மக்கள் என்ன சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள்?

பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். பணக்காரர்கள் மயிலைச் சுட்டு, பிடுங்கிய தோகையைத் திரும்ப அதன்மேலேயே செருகி, உயிரோடு இருப்பதுபோல் மேசையில் வைத்தார்களாம். ஏழைகள் பட்டாணியும் பார்லியும் முட்டைக்கோஸும் போட்டுக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சினார்களாம். முள்கரண்டி கிடையாது, விரல்தான். தண்ணீரை நம்பாதவர்கள் நிறையப் பேர். அதனால் சின்னப் பிள்ளைகள்கூட நீர்த்த பார்லி பியர் குடித்தார்களாம். தேநீர் என்றால் என்னவென்றே அந்த ஊரில் யாருக்கும் தெரியாதாம். அரசிக்கு இனிப்பு என்றால் உயிர். தின்று தின்று பல்லெல்லாம் கறுத்துப் போயிற்றாம்.

"உருளைக்கிழங்கும் கிடையாது. ஒரு சிலர்தான் பார்த்திருப்பார்கள்" என்றார் மிஸ் ஹார்ப்பர்.

சியோனே கையைத் தூக்கினான். "அப்படியென்றால் சிப்ஸ்?"

"இல்லை."

சியோனே கையை மெல்ல இறக்கினான். மதியம் வரை நாற்காலியில் சாய்ந்து, செத்துப்போன அந்த மக்களுக்காக வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தான்.

சியோனேயின் அப்பா பேக்கரி வைத்திருந்தார். அவருடைய பைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தோளில் மாட்டும் பை இல்லை. மாவைத் தட்டி, உள்ளே இறைச்சி வைத்து, மேலே மூடி போட்டுச் சுடுவார்களே, அந்தப் பை. அவர் அடுப்பைத் திறந்தால் நகரின் மறுகோடியில், மனுகாவில் தூங்குகிறவர்கள்கூட நாக்கில் எச்சில் ஊறி எழுந்து உட்காருவார்கள். அதனால் விருந்துக்குச் சியோனேதான் அரண்மனைப் பேக்கரிக்காரன். அவனுடைய அப்பா முப்பத்திரண்டு சின்னக் கோழிப் பைகள் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

பட்டாணிக் கஞ்சிக்கு ராம்பிரசாத் பொறுப்பு. அரசிக்கு நஞ்சு வைத்திருக்கிறார்களா என்று முதலில் ருசி பார்க்கும் வேலையும் அவனுக்குத்தான். அந்த வேலை அவனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

விருந்து வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. பெற்றோர்களும் வருவார்கள். அந்தக் காலத்துச் சாப்பாட்டில் இல்லாத தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் மூன்றும் வாசலைத் தாண்டக் கூடாது. அரசி எல்லார் முன்னாலும் கோழிப் பையை ஒரு கடி கடித்து விருந்தைத் தொடங்கி வைப்பாள். அவள் கடித்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம்.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை மாலை வரை.

திங்கட்கிழமை மாலை அப்பா நிமலன் கையில் போனோடு அறைக்குள் வந்தார். அம்மாவின் கார் ஓட்டும் பரீட்சைக்கு நாள் கிடைத்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணி.

தேவதர்ஷினி சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா உஷாவுக்கு இது நாலாவது பரீட்சை. முதல் தடவை வட்டச் சந்தியில் எல்லாக் கார்களுக்கும் வழிவிட்டு நின்றார். வந்த கார்களுக்கு விட்டார், வரப்போகிற கார்களுக்கும் விட்டார். பக்கத்தில் இருந்த பரிசோதகருக்குத் தாடி முளைக்கும் வரை விட்டார். இரண்டாவது தடவை ஒரு புகெக்கோப் பறவைக் குடும்பம் சாலையைக் கடந்தது. ஏழு பறவைகள் கடந்த பிறகும், ஓரத்தில் நின்ற எட்டாவதற்காக அம்மா காத்திருந்தார். அந்த எட்டாவதற்குக் கடக்கும் எண்ணமே இல்லை. மூன்றாவது தடவை ஐம்பதில் போக வேண்டிய இடத்தில் இருபதில் போனார். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒரு தாத்தா காரை முந்தி, திரும்பிப் பார்த்துக் காலை வணக்கமும் சொன்னார்.

ஆனால் அந்த வீட்டில் பரீட்சை சிரிப்பான விஷயம் இல்லை. அம்மா மனுகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். ஒரு ரயில், அது போய் இன்னொரு ரயில், அது போய் ஒரு பஸ். தேவதர்ஷினி எழும்புவதற்குள் போய்விடுவார். அவள் சாப்பிட்டு முடித்த பிறகு வருவார். அப்பாவுக்கு வேலை நடக்கிற தூரம்தான், கார் வீட்டு வாசலில் சும்மா நின்றது. அம்மாவுக்கு அதைத் தனியாக ஓட்ட அனுமதி கிடைத்தால் மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பார். மூன்று பேரும் ஒன்றாக இரவுச் சாப்பாடு சாப்பிடலாம்.

அதற்காகத்தான் தேவதர்ஷினி பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். அம்மா பாஸாகும் வரை வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடமாட்டேன். வீட்டில் வெள்ளிக்கிழமை எப்போதும் மரக்கறிச் சாப்பாடுதான். வெளியிடத்தில் என்றால் அம்மா கண்டுகொள்ள மாட்டார். நேர்த்தி வெளியிடத்துக்கும் சேர்த்துத்தான். அத்தோடு அவள் இன்னொரு விதியும் போட்டுக்கொண்டாள். நேர்த்தியை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால், திறந்து வைத்த சோடாப் போத்தல்போல் அதன் சக்தி இறங்கிவிடும்.

இப்போது என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அம்மா காரைக் கிளப்புவார். அதே பதினொரு மணிக்கு அரசி கோழிப் பையைக் கடிப்பாள். எட்டாவது புகெக்கோ அந்த நிமிடம் பார்த்துச் சாலையில் இறங்கும். தேவதர்ஷினிக்கு அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் ராம்பிரசாத்தை ஓரமாகக் கூட்டிப் போனாள். ரகசியம் என்றால் இரண்டு பேரும் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள். அவனுடையது சென்னைத் தமிழ், அவளுடையது யாழ்ப்பாணத் தமிழ். ஒருவர் சொல்வதில் முக்கால்வாசி மற்றவருக்குப் புரியும். ரகசியத்துக்கு அது போதும்.

"வெள்ளிக்கிழமை நான் இறைச்சி சாப்பிடமாட்டன்" என்றாள்.

"போன மாசம் பள்ளிக்கூடத்துல சொசேஜ் சுட்டாங்களே, வெள்ளிக்கிழமைதான். ரெண்டு சாப்பிட்டியே."

"ஓம். அது அப்ப. இப்ப ஏலாது. ஏன் எண்டு கேக்காதை."

ராம்பிரசாத் நல்ல நண்பன். கேட்கவில்லை. மிஸ்ஸிடம் சொல்லிவிடலாமே என்றான். ஆனால் மிஸ்ஸும் அந்த சொசேஜ்களைப் பார்த்தவர்தான். ஏன் என்று அவர் கேட்டால், தேவதர்ஷினிக்குப் பொய் சொல்ல வராது, உண்மையைச் சொல்லவும் முடியாது.

"அப்ப என்கிட்ட விடு. ருசி பாக்கறவன் நான்தானே? பை முழுசையும் நானே ருசி பாத்துடறேன். ஒரு துண்டு மிச்சம் இருந்தா கேளு."

"எல்லாரும் பாத்துக்கொண்டு நிப்பினம். நான் கடிச்சாத்தானே தொடங்கும்."

கடிப்பதுபோல் கடித்து, கழுத்துப்பட்டிக்குள் போட்டுவிட்டால்? முப்பத்தாறு வடிதாள்கள் இருக்கின்றன, ஒரு முழுக் கோழியையே ஒளித்து வைக்கலாம். ஒரு ரொட்டித் துண்டை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். துண்டு வழுக்கிச் சட்டைக்குள் போய், மீதி மதியம் முழுவதும் அவள் முதுகைக் கிச்சுக்கிச்சு மூட்டியது. அந்தத் திட்டம் அதோடு முடிந்தது.

வியாழக்கிழமை மதியம் மழை. ஆக்லாந்து மழைக்கு ஒரு குணம் உண்டு, விளையாட்டு மணி அடிக்கும் வரை வானத்தில் காத்திருந்துவிட்டுத்தான் கொட்டும். எல்லாரும் வகுப்புக்குள்ளேயே இருந்தார்கள். தேவதர்ஷினி பின்னால் இருந்த நூலகப் புத்தகப் பெட்டியைக் கவிழ்த்தாள். அரசி இறைச்சி இல்லாமல் என்ன சாப்பிட்டாள் என்று எங்காவது ஒரு வரி இருக்காதா? பாலாடைக்கட்டியோ, ஆப்பிளோ, ஏதாவது?

மூன்றாவது புத்தகத்தின் நடுவில் அவள் விரல் நின்றது. மறுபடி படித்தாள். மூன்றாம் தடவை உதடு அசைய மெல்லப் படித்தாள்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் எல்லா நாளும் இறைச்சி சாப்பிட முடியாது. சட்டம். வாரத்தில் சில நாட்களில் இறைச்சி கூடாது, மீன்தான். மீறினால் அபராதம், சிறைகூட உண்டு. மக்கள் மீன் தின்றால் மீனவர்களுக்கு வேலை இருக்கும். மீனவர்கள் நிறைய இருந்தால், சண்டை வரும்போது அரசியின் கப்பல்களில் ஏற மாலுமிகள் கிடைப்பார்கள். அதற்காகத்தான் அந்தச் சட்டமாம்.

அந்த நாட்களில் ஒன்று, வெள்ளிக்கிழமை.

தேவதர்ஷினிக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. நெஞ்சில் நாலு நாளாக உட்கார்ந்திருந்த யானை எழுந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனது. அவள் பொய் சொல்ல வேண்டாம், நேர்த்தியைச் சொல்லவும் வேண்டாம். 'இன்று வெள்ளிக்கிழமை, என் நாட்டில் யாரும் இறைச்சி தொடக்கூடாது' என்று அரசி கட்டளையிட்டால் முடிந்தது.

அந்தச் சந்தோஷம் சரியாக இரண்டு நிமிடம் இருந்தது. பிறகு சியோனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்பா நாளைக்கு வருகிறார்" என்றான். "கடையை ஒரு மணி நேரம் மூடிவிட்டு."

சியோனேயின் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்ததே இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைகிறவருக்கு ஓட்டப் போட்டி, பாட்டுக் கச்சேரி எதற்கும் வர நேரம் இருந்ததில்லை. இந்தப் பைகளுக்காகப் பழைய சமையல் குறிப்புத் தேடி, கிராம்பும் உலர்ந்த திராட்சையும் போட்டு, மூன்று தடவை செய்து பார்த்தாராம். மூன்று தடவையும் சியோனேதான் தின்று தீர்ப்புச் சொன்னானாம். சொல்லும்போது அவன் முகம் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த பன்போல் உப்பி மினுங்கியது.

தேவதர்ஷினி புத்தகத்தை மெல்ல மூடினாள். சட்டம் அவளைக் காப்பாற்றும். ஆனால் முப்பத்திரண்டு பைகளும் தட்டோடு திரும்பிக் கடைக்குப் போகும். அவற்றைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறவர் சியோனேயின் அப்பா.

வெளியே போன யானை நனைந்துகொண்டே திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது.

அவள் புத்தகத்தை மறுபடி திறந்தாள். சட்டம் போட்டவர்கள் அதில் ஒரு சின்னக் கதவாவது வைத்திருக்க மாட்டார்களா? பக்கத்தின் அடியில், படத்துக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில் அது இருந்தது.

நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்கள் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு இறைச்சி சாப்பிடலாம்.

அன்று பின்னேரம் வீட்டில் தாள் வெட்டும் வேலை அமர்க்களப்பட்டது. அப்பா என்ன செய்கிறாய் என்று கேட்டார். அரசாங்க வேலை என்றாள். அப்பா மரியாதையாக ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்று லீவு எடுத்திருந்த அம்மா, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்போல் பிடித்துக்கொண்டு, சோபாவை வலப்பக்கமும் இடப்பக்கமும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"உஷா, கண்ணாடியைப் பாரும்" என்றார் அப்பா.

"பாத்தனான்."

"என்ன தெரியுது?"

"என்ரை தலைமயிர் கலைஞ்சு கிடக்குது."

பிறகு அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு கோப்பை வெந்நீர் குடித்தார். சில மாதங்களாக அம்மாவுக்கு அடிக்கடி தலையிடி. தேத்தண்ணி போடட்டுமா என்று அப்பா கேட்டால், வேண்டாம் என்று வேறு பக்கம் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் அம்மா தேவதர்ஷினியின் கழுத்துப்பட்டியை நேராக்கிவிட்டார். அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன.

"நல்லா நடிச்சிட்டு வாங்கோ, பிள்ளை."

"நீங்கள் பறவைக்கு நிக்காதேங்கோ, அம்மா. அதுகளுக்குச் செட்டை இருக்கு."

பத்தே முக்காலுக்கு வகுப்பறை அரண்மனையாகிவிட்டது. மேசைகள் ஒன்றாகின. தட்டுக்குப் பதில் தடித்த ரொட்டித் துண்டுகள். பியருக்குப் பதில் ஆப்பிள் சாறு. வாசலில் மிஸ் ஹார்ப்பர் சுங்க அதிகாரிபோல் நின்று பாத்திரங்களைச் சோதித்தார். ராம்பிரசாத் கஞ்சிப் பானையோடு தலைகுனிந்து வந்தான்.

"அம்மா கடைசி நிமிஷத்துல தாளிச்சிட்டாங்க" என்று தேவதர்ஷினியின் காதில் முனகினான். "உப்புச்சப்பு இல்லாததை ஊருக்குக் குடுத்தனுப்ப மனசு வரலையாம்."

மிஸ் மூடியைத் திறந்து மோந்தார். கடுகு அந்தக் காலத்தில் இருந்தது, உள்ளே வரலாம் என்றார். கறிவேப்பிலையைச் சிறிது நேரம் முறைத்துவிட்டு, ஏதோ ஒரு மூலிகை என்று விட்டுவிட்டார். ஒரே ஒரு காய்ந்த மிளகாய்தான் பிடிபட்டது. அதை இடுக்கியால் தூக்கி நாடு கடத்தினார்கள்.

கடைசியாகச் சியோனேயின் அப்பா வந்தார். வாசல் நிலை நிறைந்து போகிற அளவு பெரிய மனிதர், புதுச் சட்டை, கையில் பெரிய தட்டு. பைகளின் வாசனை முன்னால் நடந்து வந்தது. மூன்று பெற்றோர் நாற்காலியிலிருந்து தாமாகவே எழுந்தார்கள். சுவர்க் கடிகாரம் பதினொன்றைக் காட்டியது. எங்கோ ஒரு தெருவில் அம்மா இப்போது கார்ச் சாவியைத் திருப்பியிருப்பார்.

ராம்பிரசாத் ஒரு பையைத் தட்டில் வைத்து அரசிக்கு முன்னால் மண்டியிட்டு நீட்டினான். எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

அரசி எழுந்தாள். தலையைக் குனிய முடியாததால் மிகவும் கம்பீரமாகத் தெரிந்தாள்.

"இன்று என்ன கிழமை?"

வெள்ளி என்றார்கள்.

"வெள்ளிக்கிழமை என் நாட்டில் இறைச்சி கூடாது. மீனவர்கள் பிழைக்க வேண்டும், என் கப்பல்களுக்கு மாலுமிகள் வேண்டும். இது என் சட்டம். மீறினால் சிறை."

மிஸ் ஹார்ப்பர் தொண்டையைக் கனைத்தார். சியோனே அவளைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அவர் தட்டை ஏந்தியபடியே நின்றார், எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல். அந்த உப்பிய முகம் ஊசி குத்தியதுபோல் இறங்குவதைத் தேவதர்ஷினி பார்த்தாள். அடுத்த வாக்கியத்தை அவள் அவசரமாகச் சொன்னாள்.

"நோயாளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்கள் வரிசையில் வந்து நோயைச் சொன்னால், எழுத்தில் அனுமதி தரப்படும்."

அவள் ஒரு கட்டுச் சீட்டை மேசைமேல் வைத்தாள். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் கட்டைவிரல் முத்திரை. 'இதைக் கொண்டுவருபவருக்குக் கீழ்க்கண்ட நோய் இருப்பதால், இன்று ஒரு நாள் இறைச்சி உண்ண அரசி அனுமதிக்கிறார்.'

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு சியோனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தான்.

"சிப்ஸ் இல்லாத நோய், அரசியே. பிழைப்பது கஷ்டம்."

அரசி அதை அப்படியே எழுதி, முதல் சீட்டை அவனிடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கிளென் ஈடனில் ஆரோக்கியமான மனிதர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஒருத்திக்குக் கணக்கு நோய், செவ்வாய்க்கிழமைகளில் கூடுமாம். ஒருவனுக்கு இடது கால் வலது காலைவிட ஒரு நாள் வயது குறைவாம். ஒரு பையனின் அப்பாவுக்குப் பத்து வருடமாக விக்கலாம், யாருக்கும் கேட்காத விக்கல். நோயே கிடைக்காத ஒரு பெண், பக்கத்தில் நின்றவளிடம் பாதி இருமலைக் கடன் வாங்கினாள். மிஸ் ஹார்ப்பர் ஓரமாகப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். எறும்பு எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரும் வரிசையில் வந்து நின்றார்.

"எனக்குக் குரல் நோய். சத்தமாகப் பேச முடிவதில்லை."

இதைக் கேட்டு ரயில் நிலையத்தில் இருந்தவர்களும் சிரித்திருப்பார்கள்.

கடைசியில் சியோனேயின் அப்பா வந்து அந்தப் பெரிய உடம்பை மடித்து வணங்கினார். முப்பத்திரண்டு பைகள் செய்து முழங்கை வலிக்கிறதாம். அரசி அவருக்கு இரண்டு சீட்டுகள் கொடுத்தாள், முழங்கைக்கு ஒன்று வீதம்.

பைகள் கால் மணி நேரத்தில் தீர்ந்தன. சியோனேயின் அப்பா நடுவில் நின்று, கிராம்பு எவ்வளவு, திராட்சை எவ்வளவு என்று பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். சியோனே அவர் பக்கத்தில் ஓர் அங்குலம் வளர்ந்து நின்றான்.

பிறகு அவன் அரசியிடம் வந்தான். "நீ ஏன் உனக்கு ஒரு சீட்டு எழுதிக்கொள்ளவில்லை?"

"சட்டம் போட்டவளே மீறினால் எப்படி?"

சியோனே யோசித்தான். அவன் முட்டாள் இல்லை. "வேறு காரணமும் இருக்கிறதா?"

"இருக்கிறது. இப்போது சொல்ல முடியாது."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அப்பா இரண்டு நிமிடத்தில் ஒரு சீஸ் பை செய்திருப்பார்."

தேவதர்ஷினி மேசைமேல் மிஞ்சிய சீட்டுகளைப் பார்த்தாள். சீஸ் பை. யானை, கத்தரிக்கோல், சட்டைக்குள் போன ரொட்டி, இத்தனைக்கும் பதிலாக ஒரு சீஸ் பை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நாலு வடிதாள்கள் கிழிந்தன.

அவள் ராம்பிரசாத் வீட்டுக் கஞ்சியை ரொட்டியால் தொட்டு மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். தாளித்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று அவனிடம் சொன்னாள். ஆனால் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. பன்னிரண்டு. பன்னிரண்டு பத்து. மற்றப் பெற்றோர்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். விருந்து நாள் என்பதால் அன்று பள்ளிக்கூடம் அரை நாள்தான்.

அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். முந்தைய மூன்று பரீட்சைக்குப் பிறகும் கார் எப்படி வந்தது என்பது அவளுக்கு மனப்பாடம். அப்பா ஓட்டி வருவார். அம்மா பக்கத்தில் இருந்து, யாரையும் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். கார் பழகுகிறவர்கள் ஒட்டும் மஞ்சள் நிற எல் அட்டை கண்ணாடியில் அப்படியே இருக்கும்.

தெரு முனையில் அவர்களுடைய நீலக் கார் தெரிந்தது. மெதுவாக, மிக மெதுவாக வந்தது. கண்ணாடியில் மஞ்சள் அட்டை இல்லை.

அப்பா இருக்க வேண்டிய இடத்தில் அப்பா இல்லை. அம்மா இருந்தார், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி. பக்கத்து இருக்கை காலி.

தேவதர்ஷினிக்கு அந்தக் காலி இருக்கையைப் போல அழகான ஒன்றைப் பார்த்த ஞாபகமே இல்லை. ஜன்னலிலிருந்து வாசல் வரை அவள் ஓடியது யாருக்கும் தெரியவில்லை. கழுத்துப்பட்டி மட்டும் பின்னால் பறந்து வந்தது.

"அப்பா எங்கை?"

"வேலையிலை இறக்கிவிட்டிட்டு வாறன்" என்றார் அம்மா. அந்த வாக்கியத்தைச் சொல்ல அவர் மூன்று வருடம் காத்திருந்ததுபோல் சொன்னார். "ஏறுங்கோ, பிள்ளை."

இருக்கைப் பட்டியைப் போட்டதும் தேவதர்ஷினி நேர்த்தியைச் சொல்லிவிட்டாள். இனிச் சொன்னால் சக்தி இறங்கினாலும் பரவாயில்லை. அம்மா கண்ணாடியை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் காரை மெல்லக் கிளப்பினார்.

"நானும் ஒண்டு வச்சனான்" என்றார் பிறகு. "முதல் தரம் பெயிலான அண்டைக்கு. பாஸாகும் வரைக்கும் தேத்தண்ணி குடிக்கிறேல்லை எண்டு."

"அதுதானோ தலையிடி?"

"ஓம்."

"தலையிடியோடை போனபடியாத்தான் ரெண்டாந்தரமும் மூண்டாந்தரமும் பெயிலோ?"

அம்மா அதை அதுவரை யோசித்ததில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். ஸ்டியரிங்கை விடக் கூடாது என்பதால் வாயைப் பொத்தாமலே சிரித்தார்.

வீட்டுக்குப் போய் முதல் வேலை இரண்டு கோப்பை தேத்தண்ணி என்று முடிவாயிற்று. அப்பாவுக்கு ஒன்றை ஊற்றி மூடி வைக்கவும், இரவு மூன்று பேரும் ஒன்றாகப் புட்டு சாப்பிடவும், அடுத்த வெள்ளிக்கிழமை சியோனேயின் கடையில் ஒரு கோழிப் பையும் ஒரு சீஸ் பையும் வாங்கவும் முடிவாயிற்று.

பரிசோதகர் அம்மாவிடம் ஒரே ஒரு குறைதான் சொன்னாராம், இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்று. அம்மா அதைத் திங்கட்கிழமையிலிருந்து கவனித்துக்கொள்வதாக இருந்தார். பின்னால் கார்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வரிசை சந்தி தாண்டி, ரயில் பாதை தாண்டி, ஊர் எல்லையைத் தொட்டது.

தேவதர்ஷினி கிழிந்த கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். வீடு வந்து சேரும் வரை, பின்னால் வந்த நாற்பத்தேழு கார்களுக்கும் அரசி கையசைத்துக்கொண்டே போனாள்.